பெற்றவர்கள் புகார் தராவிட்டால் போலீஸால் குழந்தையைக் காப்பாற்ற முடியாதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வடசென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. எதிர் வீட்டில் பதினொரு வயதுப் பெண் குழந்தை. அம்மா விடிகாலையில் வீட்டு வேலைக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புகிறார். அவரோடு வாழும் ஆள் குடித்துவிட்டு வந்து குழந்தையை பெல்ட்டால் அடிக்கிறார். இரண்டு முறை அவள் ஓடிவந்து உங்கள் வீட்டில் ஒளிந்துகொண்டாள். 100-க்குச் சொன்னீர்கள், ரோந்து வண்டி வந்து அந்த ஆளை மிரட்டிவிட்டுப் போனது. நிலையத்துக்கு நேரில் போனதற்கு, "பெத்தவங்க புகார் இல்லாம நாங்க என்ன பண்ண முடியும்? நீங்க யாரு?" என்று கேட்டார்கள். அம்மாவோ புகார் தர மாட்டேன் என்கிறார். போலீஸுக்கு உண்மையில் என்ன அதிகாரம், குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டால் கடத்தல் வழக்கு வருமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் வேறொன்று இருக்கிறது: புகார்தாரர் என்று யாருமே முன்வராத ஒரு குழந்தைக்குச் சட்டத்தில் வழி உண்டா? உண்டு. அந்த வழியைத்தான் நிலையத்தில் உங்களுக்குச் சொல்லவில்லை.

அடித்த ஆள்மேல் வழக்குப் போடுவது ஒரு வேலை. அடிபடும் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பது வேறொரு வேலை. முதலாவதற்குப் புகார், குற்றப்பிரிவு, சாட்சி எல்லாம் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது தகவல் மட்டும். நிலையத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுவார்கள். "கேஸ் போட முடியாதுங்க" என்று அவர்கள் சொல்வது சில நேரம் சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் கேஸ் இல்லாததால் குழந்தையை ஒன்றும் செய்ய முடியாது என்பது எப்போதும் தவறு.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 2(14)-ஆம் பிரிவு, கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று வரிசையாகச் சொல்கிறது. தன்னோடு வசிக்கும் ஒருவரால் காயப்படுத்தப்பட்ட, துன்புறுத்தப்பட்ட, கவனிக்காமல் விடப்பட்ட குழந்தை அதில் அடக்கம். அந்த நபர் சட்டப்படியான காப்பாளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அந்த வரியிலேயே இருக்கிறது. அதனால், 'அவன் அப்பாவே இல்லையே' என்ற வாதமும் 'வீட்டு விவகாரம்' என்ற வாதமும் இங்கே நிற்காது. இப்படிப்பட்ட குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் யாரெல்லாம் ஆஜர்படுத்தலாம் என்பது 31-ஆம் பிரிவு. எந்தக் காவல் அலுவலரும் செய்யலாம். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-இன் ஊழியர், அரசு ஊழியர், மருத்துவர், செவிலியர் செய்யலாம். பொதுநல அக்கறை கொண்ட குடிமகனும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அதாவது நீங்கள். குழந்தை தானே போய் நிற்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும். பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ராத்திரியில் குழு கூடாதே என்பார்கள். குழு அமர்வில் இல்லாதபோது தனி உறுப்பினர் ஒருவர் முன் ஆஜர்படுத்தலாம் என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது.

போலீஸின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை நிலையத்துக்குக் கிடையாது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது, தீர்மானம் அவர்களுடையது. போலீஸ் குழந்தையை அவர்கள் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால், நிலையத்தில் வழக்கமாக நடக்கும் ஒன்று ஏன் தவறு என்பதும் புரியும். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, குழந்தையை அதே ஆளோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. போலீஸ் வரை போனதற்காக அன்றைக்கு ராத்திரி குழந்தைக்கு இன்னும் கூடுதலாக அடி விழும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குழந்தைக்கே வினையாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எனவே நிலையத்தில் நீங்கள் கேட்க வேண்டியது குழந்தைகள் நல காவல் அலுவலரை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்குக் கீழே அடுத்த நிலையான ஏ.எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத ஒருவர் இந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும். இவர்களை ஒருங்கிணைக்கும் சிறப்பு சிறார் காவல் பிரிவு டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் கீழ் இயங்க வேண்டும். அதில் இரண்டு சமூகப் பணியாளர்கள், ஒருவராவது பெண். நடைமுறையில் அந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு பந்தோபஸ்து, கோர்ட், இரவு ரோந்து என்று பத்து வேலை இருக்கும். நீங்கள் போகும்போது இருக்க மாட்டார். "அவர் எப்போது வருவார், அதுவரை பொறுப்பு யார்" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணி மாறும் நேரத்தில் போகாதீர்கள். ஒருவரிடம் சொன்னதை அடுத்தவர் தொடர மாட்டார்.

இனி வழக்கு. இங்கே உறுதியானதையும் உறுதி இல்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவர் அடித்துத் தேவையற்ற உடல், மன வேதனை தந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அம்மாவோடு வாழும் ஆளுக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தச் சட்டத்துக்கு 2021-இல் திருத்தம் வந்தது, 2022 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்தது. அதன்படி, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்கள் காக்னிசபிள் பட்டியலிலிருந்து, அதாவது போலீஸே நேரடியாகப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலிலிருந்து, போய்விட்டன. நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. 75-ஐ மட்டும் நம்பிப் போனால் நிலையத்தில் இதைத்தான் காட்டுவார்கள். குழந்தைகளுக்கு எதிரான கொடுமையை இப்படித் தளர்த்தியது பெரிய பிழை என்பது என் கருத்து. ஆனாலும் சட்டம் அதுதான். கொடுமையால் குழந்தைக்கு மனநோயோ ஊனமோ உயிராபத்தோ ஏற்பட்டால் தண்டனை பத்தாண்டு வரை போகும். அப்போது போலீஸே நேரடியாகப் பதியலாம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் (பி.என்.எஸ்.) இதே சிக்கல்தான். 115-ஆம் பிரிவின் சாதாரணக் காயம் காக்னிசபிள் இல்லை. 117-இன் கொடுங்காயமும், ஆபத்தான ஆயுதத்தாலோ தீ, சூடான பொருளாலோ ஏற்படுத்தும் 118-இன் காயமும் காக்னிசபிள். எலும்பு முறிவு, பல் உடைதல், பதினைந்து நாள் கடும் வலியோடு அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடப்பது ஆகியவை கொடுங்காயம். கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தால் 118 என்பதில் சந்தேகமே இல்லை. பெல்ட் ஆபத்தான ஆயுதமா என்பது அதை எப்படிப் பயன்படுத்தினார், எந்த இடத்தில் பட்டது என்பதைப் பொறுத்தது. பக்கிளால் தலையில் அடித்ததும் தோல்பட்டையால் காலில் அடித்ததும் ஒன்றல்ல. அதனால்தான் 'அடித்தார்' என்று பொதுவாக எழுதக் கூடாது என்கிறேன். எதால், எங்கே, எத்தனை முறை என்று எழுதினால்தான் சரியான பிரிவு வரும். காக்னிசபிள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தகவலைப் பதிவேட்டில் எழுதி, தகவல் தந்தவரை நடுவரிடம் அனுப்ப வேண்டும் என்பது குற்ற நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 174-ஆம் பிரிவு. வாய்மொழியாகத் திருப்பி அனுப்ப எந்தப் பிரிவும் இல்லை.

ரோந்து வண்டி வந்தபோது கதவு பூட்டியிருந்தது, உள்ளே சத்தம் கேட்டது, அவர்கள் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காக்னிசபிள் குற்றம் நடக்காமல் தன்னால் இயன்றவரை தடுப்பது காவல் அலுவலரின் கடமை என்று பி.என்.எஸ்.எஸ். 168 சொல்கிறது. கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருந்தால், கதவைத் திறக்கச் சொல்லி, திறக்காதபோது உடைத்து நுழைய 44-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. குழந்தை உயிருக்குக் கதறுவதைக் கேட்டுக்கொண்டே வாரண்ட் இல்லை என்று வெளியில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வந்து சேரும்போது சத்தம் ஓய்ந்து வீடு அமைதியாக இருந்தால், வெறும் சந்தேகத்தில் கதவை உடைக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆகவே 112-க்கோ 100-க்கோ சத்தம் கேட்கும்போதே கூப்பிடுங்கள். "இப்போது அடி நடக்கிறது, குழந்தை உள்ளே இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது" என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். 'பக்கத்து வீட்டில் தகராறு' என்று சொன்னால் தகராறுக்கு வருவது போலத்தான் வருவார்கள்.

நீங்கள் ஒரு வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு வருகிறேன். "அடி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது." இந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் தகவல் சொல்ல வேண்டும் என்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. தகவல் வந்தும் பதியாத அலுவலருக்கும் அதே பிரிவு, அதே தண்டனை. இங்கே காக்னிசபிளா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. தகவலை எழுதி, எண் கொடுத்து, உங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சந்தேகத்துக்குரியவர் அதே வீட்டில் வசிப்பவரானால், 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். வீட்டிலிருந்து பிரிக்க வேண்டுமா என்று குழு மூன்று நாளில் முடிவெடுக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடை இல்லாமல் பதிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. சந்தேகம் பொய்யாகிவிடுமோ என்று அஞ்சாதீர்கள். மிரட்டவோ அவமானப்படுத்தவோ வேண்டுமென்றே தந்த பொய்த் தகவலுக்குத்தான் தண்டனை.

சென்னையில் இந்த வழக்குகளைப் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள்தான் விசாரிக்கின்றன. சொந்தக்காரர்களே சம்பந்தப்பட்டால் ஒன்றும் நடக்காது என்று எழுதியிருந்தீர்கள். 2020-இல் வண்ணாரப்பேட்டை மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு சிறுமியின் வழக்கில், 2022-இல் போக்சோ நீதிமன்றம் 21 பேருக்குத் தண்டனை கொடுத்தது. உறவினர்களும் அதில் இருந்தார்கள், காவல் ஆய்வாளர் ஒருவரும் இருந்தார்.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று குழந்தையை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டால் அவள் சொல்வது மாறும். பிறகு குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். அவளாகச் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு நோட்டில் எழுதிவையுங்கள். அடி சத்தத்தைப் பதிவு செய்திருந்தால் அந்த போனில் அப்படியே இருக்கட்டும். வெட்டவோ பெயர் மாற்றவோ வேண்டாம். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு மூலக் கருவி வேண்டும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம்.

காயம் இருக்கிற அன்றைக்கே ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்விடுவது நல்லது. அவசரப் பிரிவில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்று ஒரு பதிவு போடுவார்கள். 'தெரிந்த நபர் பெல்ட்டால் அடித்ததாகக் கூறப்படுகிறது' என்று அதில் எழுதச் சொல்லுங்கள். பயத்தில் அம்மா 'கீழே விழுந்துட்டா' என்று சொல்லிவிட்டால் அதுவும் அப்படியே பதிவாகிவிடும். பின்னால் வழக்கை உடைப்பது அந்த ஒரு வரிதான். ஏ.ஆர். போட்டதும் மருத்துவமனையிலிருந்தே போலீஸுக்குத் தகவல் போகும். நீங்கள் யார் என்ற கேள்வியே அங்கே எழாது.

நிலையத்துக்குத் தரும் மனு ஒரு பக்கம் போதும். பெறுநர் இடத்தில் ஆய்வாளரையும் குழந்தைகள் நல காவல் அலுவலரையும் எழுதுங்கள். பொருளில், 'இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 2(14)-இன்படி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பிரிவு 31-இன்படி குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டி' என்று இருக்கட்டும். தண்டிக்கச் சொல்லும் வரிகளைப் பின்னால் வையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். இன்னொரு பிரதியைக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் பிரதி இலவசம். "இது எங்க லிமிட் இல்ல" என்பதும் வரும். 2022 தொடக்கத்தில் ஆவடி ஆணையரகம் பிரிந்த பிறகு மணலி, எண்ணூர் பக்கம் இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173 தெளிவாகவே சொல்கிறது. பதிய மறுத்தால் அதே தகவலைத் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நடுவர் நீதிமன்றம்.

உங்கள் பெயர் வெளியே வருமா என்பதற்கு நேர்மையான பதில்: எஃப்.ஐ.ஆரில் நீங்கள் தகவல்தாரரானால் குற்றப்பத்திரிகையோடு அந்தப் பெயர் குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்குப் போகும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் 1098-ஐக் கூப்பிட்டு, பெயர் வேண்டாம் என்று சொல்லித் தகவல் கொடுங்கள். அவர்கள் நேரில் வந்து பார்த்து அவர்களே குழு முன் கொண்டுபோவார்கள். ஆனால் ஒரே தளத்தில் எட்டு வீடு இருக்கும் பிளாக்கில் யார் சொன்னது என்று அந்த ஆள் ஊகிக்கத்தான் செய்வார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நான்கைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒருவர்மேல் மட்டும் வன்மம் திரும்பாது.

அம்மாவை வில்லியாக்க வேண்டாம். அவருக்கும் அடி விழுகிறதா என்று தனியாகக் கேளுங்கள். விழுந்தால், பெண்கள் உதவி எண்ணான 181 அவருக்கானது. வீட்டு வாடகையும் வீட்டுச் செலவும் அந்த ஆளின் கையில் இருந்தால், புகார் தராததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். குழந்தையை அரசு இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்திருக்கும். குழுவின் முதல் நோக்கம் குழந்தையைக் குடும்பத்தோடு சேர்ப்பது; இல்லம் கடைசி வழி. சமூக விசாரணை அறிக்கை பதினைந்து நாளில் வர வேண்டும், இறுதி உத்தரவுக்கு நான்கு மாதம். அம்மாவிடமே கண்காணிப்போடு திருப்பிக் கொடுக்கலாம், தகுந்த உறவினரிடம் ஒப்படைக்கலாம். உங்கள் விஷயத்தில் எது நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காசிமேட்டில் அவளுக்கு ஆயா (பாட்டி) இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் ஆதாரோடு குழு முன் வந்து "நான் வச்சுக்கிறேன்" என்று சொல்வது மிகவும் உதவும். இப்போதே அவரிடம் பேசிவையுங்கள்.

கடைசியாக, அவள் மறுபடி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்பது. தானாக ஓடிவந்த குழந்தைக்குக் கதவைத் திறப்பது கடத்தல் ஆகாது. சட்டப்படியான காப்பாளரின் பொறுப்பிலிருந்து, சம்மதமில்லாமல், கூட்டிச்செல்வதும் ஆசைகாட்டி அழைப்பதும்தான் பி.என்.எஸ். 137. சிக்கல் வருவது யாரிடமும் சொல்லாமல் நாள்கணக்கில் வைத்துக்கொள்ளும்போது, அல்லது நீங்களாகவே வேறு ஊருக்கு அனுப்பிவிடும்போது. அதனால் அவள் உள்ளே வந்த ஐந்து நிமிடத்தில் 1098-க்கும் 112-க்கும் பேசுங்கள், அம்மாவின் போனுக்கு 'குழந்தை எங்கள் வீட்டில் இருக்கிறாள்' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். நேரம் பதிவாகிவிடும். வந்தவர்கள் கூட்டிப்போகும்போது யார், எந்த நிலையம், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். பிளாக்கில் ஒரு பெண் உடன் போகட்டும். பள்ளிப் பை, மாற்று உடுப்பு, மருந்து இருந்தால் மருந்து, பிறப்புச் சான்றோ ஆதார் நகலோ கிடைத்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை குழு அலுவலகத்துக்குப் பேசி, குழந்தை வந்து சேர்ந்தாளா என்று கேளுங்கள்.